ஃபாதர் உட்காரும் வரை

ஜூன் 3, செவ்வாய்

ஃபாதர் தைரியநாதன் இன்று மாடத்துச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒட்டடை அடிக்கவாம். கோயிலில் ஆர்கன் இருக்கும் மாடத்துக்கு இருபத்திரண்டு படி. முப்பத்திரண்டு வருடமாக அதில் ஏறி இறங்குகிற ஒரே ஆள் நான். ஒட்டடை இருந்தால் என் தலைமுடியில்தான் இருக்க வேண்டும். போகட்டும், கொடுத்துவிட்டேன். மூட்டுக்கு நல்லது.

சாயங்காலம் பிரெஞ்சு டியூஷனுக்கு மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் பிரான்சுக்குப் போக வேண்டும், ஒருவருக்கும் வினைச்சொல் வராது. கத்தரிக்காயில் பாதி சொத்தை.

ஜூன் 5, வியாழன்

ஒட்டடை விஷயம் தெளிவாகிவிட்டது. ஒட்டடை நான்தான்.

ஃபாதர் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டு, எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். வந்து எட்டு மாதத்தில் ஒருநாளும் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காத மனிதர். அந்த ஜூஸைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"தப்பா எடுத்துக்காதீங்க மதாம். ஏழு மணிப் பூசை ஒன்றரை மணி நேரம் போவுது. அடுத்த பூசைக்கு வர்றவங்க வண்டி விட எடமில்லாம ரோட்டுல நிக்கிறாங்க. நன்மை குடுக்கும்போது நீங்க வாசிக்க ஆரம்பிச்சா முடிக்கிறதே இல்ல."

"வரிசை முடிய வேணாமா ஃபாதர்?"

"வரிசை அது பாட்டுக்கு முடியும். பென் டிரைவ்ல பாட்டு ஏத்தி வெச்சிருக்கேன். நாலு நிமிஷம், டக்குனு நின்னுடும். நீங்களும் எத்தினி வருஷமா ஒழைக்கிறீங்க. ரெஸ்ட் எடுங்க."

அவருக்கு முப்பத்தெட்டு வயது. மாடத்தில் என்ன நடக்கிறது என்று கீழே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? நன்மை, அதாவது ஃபாதர் கையால் தரும் திரு அப்பம், வாங்க முந்நூறு பேர் வருவார்கள். அதில் கைத்தடிக்காரர்கள் இருப்பார்கள், இடுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். பாட்டு முடிந்தும் வரிசை முடியவில்லை என்றால் கடைசி எட்டு பாரை, அதாவது எட்டுத் தாளக்கட்டத்தை, மறுபடி வாசிக்க வேண்டும். ஃபாதர் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து மூடி, நாற்காலியில் போய் உட்கார்ந்த பிறகுதான் கை எடுக்க வேண்டும். பீடத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் எனக்கு அது தெரிவதற்காக, ஆர்கன் மேல் ஒரு மொபெட் கண்ணாடியைக் கம்பியால் கட்டிவைத்திருக்கிறேன். எந்தக் கோயிலிலும் ஃபாதர் நிற்கும்போது இசை முடியக் கூடாது. அது அரைகுறையாக உடுத்திக்கொண்டு தெருவுக்கு வருவது மாதிரி.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. ஜூஸில் சர்க்கரை போதவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

காலை ஆறரைக்கு வழக்கம்போல் புடவை கட்டிக் கிளம்பி, கோயில் தெருவுக்கு முந்தைய தெருவில் திரும்பி, கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். கடல் ஒழுங்காக இருந்தது.

மதியம் உபதேசியார் சவரிமுத்து வந்து கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போனார். உபதேசியார் என்பவர் எங்கள் கோயிலில் மணியடிப்பது முதல் செய்தி பரப்புவது வரை எல்லாம் செய்பவர். ஆர்கன் கோயிலுடையது, கண்ணாடி என்னுடையது, அதில் எல்லாருக்கும் நியாயம் தெரிகிறது.

"பென் டிரைவ் நாலு நிமிசத்துல நின்னுடிச்சி மதாம். அப்ப வரிசையில இன்னும் நூத்தம்பது பேரு. கோயிலே கம்முனு ஆயிடிச்சி. யாரு வயிறு கத்துதுன்னுகூடத் தெரியுது."

எனக்கு இதில் சந்தோஷம் எதுவும் இல்லை. அவருக்கு இரண்டாவது காபி போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

கண்ணாடியை வீட்டுப் பியானோ மேல் கட்டினேன். அதில் ஃபிரிட்ஜ் தெரிகிறது.

ஜூன் 11, புதன்

பிரெஞ்சு மன்றத்தில் இசை சொல்லித்தரும் மிரேய் வந்தாள். முப்பது வயது, கழுத்து நீளம், ஓபோ வாசிப்பவள். ஓபோ என்பது வாயில் வைக்கும் இடத்தில் நம் நாயனத்துச் சீவாளி மாதிரி ஒன்று செருகிய கறுப்புக் குழல். அவள் தமிழைப் பாடப்புத்தகத்தில் கற்றுக்கொண்டவள். நான் பிரெஞ்சில் பேசினாலும் தமிழில்தான் பதில் சொல்வாள்.

"மதாம் செலஸ்தீன், ஜூலை பன்னிரண்டாம் தேதி எங்கள் மன்றத்தில் ஒரு கச்சேரி நிகழ இருக்கிறது. சென்னையிலிருந்து வரவிருந்த பியானோ கலைஞர் வரமாட்டார். நீங்கள் எங்களைக் காப்பாற்ற வேண்டும்."

ஓபோ, கிளாரினெட், பியானோ மூன்றுக்குமாக எழுதிய ஒரு ட்ரையோ. எழுதியவர் ஓக்தாவ் பெல்மூர் என்கிற பிரெஞ்சுக்காரர். நூறு வருடத்துக்கு முந்தையவர். முதல் பக்கத்தில் படம் இருக்கிறது: தாம்பூலம் போடாமல் கிளம்ப மாட்டேன் என்று பந்தியில் உட்கார்ந்திருக்கும் சம்பந்தி மாதிரி ஒரு முகம். மொத்தம் மூன்று பகுதி, இருபத்தொரு நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தயார் செய்யும் வேலை இருப்பதால் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் சரி என்றேன்.

ஜூன் 14, சனி

முதல் ஒத்திகை. கிளாரினெட்காரர் கலியபெருமாள். போலீஸ் பேண்டில் முப்பது வருடம் வாசித்து சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். அரியாங்குப்பத்துக்காரர். மீசைக்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. என்னை டீச்சர் என்கிறார், நான் எஸ்.ஐ. சார் என்கிறேன்.

முதல் பகுதி கல்யாணத்துக்குத் தாமதமாக வந்த மூன்று பேர் ஒரே கதவில் நுழைவது மாதிரி இருக்கிறது. மிரேய் அதை மிகவும் கஷ்டப்பட்டு விளக்கினாள். இந்த இடத்தில் பெல்மூர் புன்னகைக்கிறார், இந்த இடத்தில் ஓர் ஓரமாக நின்று பார்க்கிறார் என்றெல்லாம் சொன்னாள். எஸ்.ஐ. சார் கவனமாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சர்தாம்மா, லெஃப்ட் ரைட் எங்க வருது?" என்றார்.

அவர் எதை வாசித்தாலும் சுதந்திர தின அணிவகுப்பு கடந்து போகிறது. நான் எதை வாசித்தாலும் யாரோ நன்மை வாங்குகிறார்கள். மிரேய் தண்ணீர் டம்ளரில் தன் சீவாளியை ஊறவைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாவம், தகப்பன் வீட்டில் சௌகரியமாக இருந்திருப்பாள்.

ஜூன் 15, ஞாயிறு

கடல் போன வாரத்தைவிடக் கொஞ்சம் அழுக்கு.

ஜூன் 18, புதன்

எஸ்.ஐ. சார் கேட்டார்: "ஞாயித்துக்கெழம பூசையெல்லாம் நல்லா போச்சா டீச்சர்?"

நல்லா போச்சு என்றேன். நல்ல கூட்டம் என்றும் சேர்த்துக்கொண்டேன். பெந்தகோஸ்துத் திருநாளுக்குப் பிறகு கூட்டம் குறையும் என்று அவருக்கு எப்படித் தெரியப்போகிறது, அவர் மாரியம்மன் கோயில்காரர்.

கச்சேரி அழைப்பிதழ் அச்சாகி வந்தது. என் பெயரைப் பிழையில்லாமல் போட்டிருக்கிறார்கள். மரியாதைக்காக ஃபாதருக்கும் ஒன்று அனுப்பினேன். பங்குச் சாமியாருக்கு அனுப்பாமல் விட்டால் நன்றாக இருக்காது.

ஜூன் 25, புதன்

இன்று சண்டை.

இரண்டாவது பகுதி மெதுவானது. விருந்தாளிகள் போன பிறகு யாரோ மேசை துடைப்பது மாதிரி. எனக்கு அது பிடித்திருக்கிறது என்பதை மிரேயிடம் சொல்லவில்லை, சொன்னால் இன்னும் விளக்குவாள். அதன் நடுவில் எட்டு பார் வருகிறது. பியானோவுக்கு எளிய, நிதானமான நடை. கிளாரினெட் கீழே முனகிக்கொண்டிருக்கும். ஓபோ ஒரே ஒரு நீளமான சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் பிறகு பாட்டு வேறு ஊருக்குப் போய்விடும்.

அந்த இடத்தில் மன்றத்துக் காவலாளி மின்விசிறியைச் சரிசெய்ய ஏணியோடு உள்ளே வந்தார். ஏணியை நிறுத்தினார், ஏறினார், இறங்கினார், வெளியே போனார். அவர் கதவைச் சாத்தும் வரை நான் அந்த எட்டு பாரையே வாசித்திருக்கிறேன். எனக்குத் தெரியவே இல்லை. எஸ்.ஐ. சாரும் கூடவே வாசித்திருக்கிறார். மிரேய் ஓபோவை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் ஏன் நான்கு முறை வாசித்தீர்கள்?"

"ஆள் வந்தாரே," என்றேன்.

"கரெக்டுதானம்மா," என்றார் எஸ்.ஐ. சார். "பரேடுல சீஃப் கெஸ்ட்டு கார்லேர்ந்து எறங்கி மேடை ஏறி ஒக்கார்ற வரைக்கும் அடிச்சதையேதான் அடிக்கணும். பாதியில நின்னா சஸ்பெண்டு."

"அவர் மின்விசிறி பழுது பார்ப்பவர்!"

"இருக்கட்டுமே. அவரும் மன்ஷன்தான?"

மிரேய் எழுந்து நின்று கைவிரலை ஆட்டிச் சொன்னாள்: "இந்த எட்டு பார் ஒரே ஒரு முறை மட்டுமே வாசிக்கப்பட வேண்டும். பெல்மூர் எழுதியதை எழுதியபடி. இசை யாருக்காகவும் காத்திருக்காது!"

"பாண்டிச்சேரியில எட்டு பாரை ஒரே தடவையில தாண்டிப் போனவன் எவன் இருக்கான்?" என்றார் எஸ்.ஐ. சார் என்னிடம் மெதுவாக. மிரேய்க்குப் புரியவில்லை. நல்லவேளை.

கடைசியில் இருவரையும் சத்தியம் செய்யச் சொன்னாள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன், அவர் சல்யூட் அடித்தார்.

இவளும் ஃபாதரும் சொல்வது ஒன்றுதான் என்று வீட்டுக்கு வரும் வழியில் தோன்றியது. எனக்கு முடிக்கத் தெரியாதாம்.

ஜூன் 28, சனி

ஃபாதருக்கு அனுப்பிய அழைப்பிதழ் தபாலில் தொலைந்திருக்கலாம் என்பதால் உபதேசியாரிடம் இன்னொன்று கொடுத்தனுப்பினேன். கோயில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. தபால் எப்படி வேண்டுமானாலும் தொலையும்.

ஜூன் 29, ஞாயிறு

கடற்கரையில் எஸ்.ஐ. சார்!

அரைக்கால் சட்டையில் வேகநடை. காலை ஏழே கால். பூசை நேரம். எங்கே ஓடி ஒளிவது, முன்னால் கடல், பின்னால் அவர்.

"இன்னா டீச்சர், இன்னிக்குப் பூசை இல்லையா?"

ஆர்கன் ரிப்பேர் என்றேன். அவர் நின்றார். ஒரு நிமிடம் என் புடவையைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார். முப்பது வருடம் போலீஸில் இருந்தவரிடம் பொய் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"ரிப்பேரா இருந்தா சரி பண்ணிடலாம்," என்றார். பிறகு சுண்டல் வாங்கிக் கொடுத்தார். காலை ஏழே காலுக்கு எவன் சுண்டல் விற்கிறான் என்று கேட்கக்கூடத் தோன்றாமல் முழுவதையும் தின்றேன்.

ஜூலை 2, புதன்

உபதேசியார் சொல்லித் தெரிந்தது: ஸ்பீக்கர் பெட்டி வைக்க வேறு இடமில்லாமல் ஆர்கன் ஸ்டூலின் மேல் வைத்திருக்கிறார்களாம். என் ஸ்டூல். ஒரு கால் குட்டை என்று நானே அட்டை மடித்துக் கொடுத்த ஸ்டூல்.

எனக்கு வலிக்கிறது. எழுதிவிட்டேன். எழுதினால் குறையும் என்பார்கள், குறையவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நாலு வாரமாக நான் நன்மை வாங்கவில்லை. கோபித்துக்கொண்டு அல்ல. எப்படி வாங்குவது என்றே தெரியவில்லை. வாசிக்கிறவள் வரிசையில் நிற்க முடியாது இல்லையா? பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நான் படியிறங்கி வந்ததும் தனியாகக் கொடுப்பார்கள். முப்பத்திரண்டு வருடத்தில் அந்த வரிசையில் ஒருநாள்கூட நின்றதில்லை. எந்தப் பக்கம் போய், எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பது கண்ணாடியில் பார்த்துத்தான் தெரியும். அது இடவலமாக மாறித் தெரியும்.

ஒத்திகை சுமார். மூன்றாவது பகுதியில் எஸ்.ஐ. சார் எங்களைவிட இரண்டு பார் முன்னதாகப் போய்ச் சேர்ந்து காத்திருந்தார்.

ஜூலை 5, சனி

கண்ணாடியை மன்றத்துப் பியானோவில் கட்டலாமா என்று கேட்டேன். மேடையில் நான் பார்வையாளருக்கு முதுகு காட்டி உட்காரும்படி பியானோவைப் போட்டிருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் எனக்கு விரல் ஓடாது.

மிரேய் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது வண்டியின் பாகம் அல்லவா?"

"பழக்கம்," என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். ஆனால் கம்பியை முறுக்க அவளே உதவினாள். நல்ல பெண். கொஞ்சம் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருப்பாள்.

ஜூலை 9, புதன்

எட்டு பார், ஒரே முறை. ஐந்து தடவை ஒத்திகை, ஐந்து தடவையும் ஒரே முறை. மிரேய் கண்ணில் தண்ணீர். எஸ்.ஐ. சார் வெற்றிச் சல்யூட் அடித்தார்.

வழியில் ஃபாதரைப் பார்க்க நேர்ந்தது. அதாவது அவர் வீட்டு வாசலில் இருபது நிமிடம் செம்பருத்திச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் வந்தார். மூன்றாவது அழைப்பிதழைக் கையில் கொடுத்தேன்.

"சனிக்கெழமையா? முயற்சி பண்றேன் மதாம். அன்னிக்கு ஒரு அடக்கம் இருக்குது."

வராவிட்டால் பரவாயில்லை ஃபாதர், சும்மா மரியாதைக்குத்தான் என்றேன். மூன்று அழைப்பிதழ் கொடுத்தவள் சொல்கிற பேச்சா இது.

அவர் ஏன் வரவேண்டும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்கு முடிக்கத் தெரியும் என்று அவர் பார்க்க வேண்டும். எழுதிய இடத்தில் தொடங்கி, எழுதிய இடத்தில் டக்கென்று நிறுத்துவேன். அதைப் பார்த்துவிட்டு அவர் என் ஸ்டூல் மேலிருக்கும் பெட்டியை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பெல்மூர் என்னை மன்னிக்கட்டும்.

ஜூலை 11, வெள்ளி

புடவைக்கு இஸ்திரி. மூட்டுக்குத் தைலம்.

ஜூலை 12, சனி

முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஆறரைக்கு ஆரம்பம். நூற்றிருபது பேர் இருக்கும். பாதிப்பேர் எங்கள் கோயில் பங்குக்காரர்கள். மீதிப்பேர் ஏ.சி.க்காக வந்தவர்கள். கண்ணாடியில் முன்வரிசை நன்றாகத் தெரிந்தது. நடுவில் ஒரு நாற்காலி காலி. அதில் ஃபாதர் பெயர் எழுதிய தாள். அதை ஒட்டியது யாரென்று இங்கே எழுதத் தேவையில்லை.

முதல் பகுதி நன்றாகவே போனது. மூன்று பேரும் ஒரே கதவில் நுழைந்தோம், யாருக்கும் அடிபடவில்லை. இரண்டாவது பகுதி ஆரம்பித்தது. மேசை துடைத்தோம். எட்டு பார் வந்தது. மிரேய் அந்த நீளச் சுரத்தைப் பிடித்தாள்.

கதவு திறந்தது.

பின்கதவு அல்ல. அதை ஏ.சி.க்காகப் பூட்டிவிட்டார்கள். மேடைக்குப் பக்கத்துக் கதவு. வெள்ளை அங்கி. அடக்கத்திலிருந்து நேராக வந்திருக்கிறார், செருப்பெல்லாம் கல்லறை மண். கண்ணாடியில் அந்த வெள்ளை அங்கியைப் பார்த்தேன். அதற்கு மேல் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

எட்டாவது பாரிலிருந்து முதல் பாருக்குத் திரும்பினேன்.

பெல்மூரோ, நான் போட்ட சிலுவையோ, ஒன்றும் நினைவில் இல்லை. ஃபாதர் நிற்கிறார், இசை முடியக் கூடாது. கிளாரினெட்டும் கூடவே திரும்பியது, கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. எஸ்.ஐ. சார் முதுகு நிமிர்ந்துவிட்டது. சீஃப் கெஸ்ட்டு.

ஃபாதர் சும்மா வந்து உட்கார்ந்தாரா? ஓரத்தில் இருந்த அம்மா எழுந்து "தோத்திரம் ஃபாதர்" என்று குனிந்தாள், நெற்றியில் சிலுவை போட்டார். மூன்றாவது சுற்று. அடுத்து இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு மகளின் விசா விஷயத்தை ஆரம்பித்தார். நான்கு, ஐந்து. மிரேய்க்கு மூச்சு முட்டிவிட்டது. சுரத்தை விட்டாள். ஒரு சுற்று முழுக்க எங்கள் இருவரையும் வெறித்துப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்ணாடி இல்லாமலே உணர்ந்தேன். பிறகு வேறு வழியில்லாமல் மறுபடி குழலை வாயில் வைத்து, அந்த நீளச் சுரத்துக்குப் பதிலாக வேறு ஏதோ வாசிக்க ஆரம்பித்தாள். எதிலும் எழுதாதது. ஏழாவது சுற்றில் அது அழகாக இருந்தது. எட்டாவதில் அவளுக்கே அது தெரிந்துவிட்டது.

ஃபாதர் உட்கார்ந்தார். நான் ஒன்பதாம் பாருக்குப் போனேன்.

போய் இரண்டு சுரம்கூட ஆகியிருக்காது. பின்வரிசையில் கைத்தடி ஊன்றிய ஒருவர் நிற்பதைப் பார்த்து, தன் நாற்காலியைக் கொடுக்க ஃபாதர் எழுந்துவிட்டார். நான் திரும்பிவிட்டேன். எஸ்.ஐ. சார் திரும்பினார். மிரேய் திரும்பினாள். இந்த முறை எங்களுக்கு முன்னாலேயே!

அப்போதுதான் அவர் கவனித்தார்.

பாதி எழுந்த நிலையில், நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி அப்படியே நின்றார். மேடையைப் பார்த்தார். மெல்ல உட்காரப் போனார். இசை நகரப் பார்த்தது. மறுபடி எழுந்தார். இசை திரும்பி வந்தது. குழந்தைகள் குழாயைத் திறந்து மூடிப் பார்ப்பது மாதிரி இரண்டு முறை அப்படிச் செய்தார். பிறகு கண்ணாடியை, அதில் தெரிந்த என் முகத்தைப் பார்த்தார். ஒன்பது மாதத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கைத்தடிக்காரருக்கு யாரோ வேறு நாற்காலி கொண்டுவந்தார்கள். ஃபாதர் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளை மாதிரி, கடைசி வரை அசையவே இல்லை. மூக்கைக்கூடச் சொறியவில்லை. மூன்றாவது பகுதியை நாங்கள் ஓட்டமாக ஓடி முடித்தோம், மூவரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம். கைதட்டல் பலமாக இருந்தது. எதற்கு என்று அவர்களுக்கே தெரியாது.

மேடைக்குப் பின்னால் மிரேய் என்னைப் பிடித்துக்கொண்டாள். "பதினொரு முறை! நான் எண்ணினேன். பெல்மூர் இதை எழுதவில்லை!"

"மன்னிச்சுக்கோ மா."

ஓபோவைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டுச் சொன்னாள்: "எழுதியிருக்கலாம்."

எஸ்.ஐ. சார் என் கண்ணாடியைக் கம்பியோடு கழற்றி என் கைப்பைக்குள் போட்டார். "ரிப்பேரு ஒங்ககிட்ட இல்ல டீச்சர்," என்றார்.

ஃபாதர் வாசலில் நின்றிருந்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், நினைத்தேன்.

"மதாம், நான் ஒக்கார்றதுக்காகவா?"

"ஆமா ஃபாதர். கை தானா போயிடுச்சு."

"எல்லா ஞாயித்துக்கெழமையும் அப்பிடித்தானா?"

"பாத்திரம் தொடச்சு மூடி, நீங்க ஒக்கார்ற வரைக்கும்."

அவர் தன் செருப்பு மண்ணைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார், அதற்குள் விசாக்காரர் வந்துவிட்டார்.

அவ்வளவுதான். எழுதிய இடத்தில் நிறுத்தத் தெரியும் என்று காட்டப் போனேன். தெரியாது என்று நூற்றிருபது பேர் முன்னால் நிரூபித்துவிட்டு வந்தேன். பெட்டி என் ஸ்டூல் மேலேயே இருக்கட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

கடற்கரைக்குத் திரும்ப வேண்டிய தெருவில் திரும்பாமல் நேராகப் போனேன். ஏன் என்று தெரியாது. நேற்றுப் பட்ட அவமானத்துக்கு மேல் இனி என்ன என்று இருந்திருக்கலாம். கடைசி பெஞ்சுக்கு முந்தைய பெஞ்சில் உட்கார்ந்தேன். கீழிருந்து பார்த்தால் கோயில் உயரமாக இருக்கிறது.

நன்மை நேரம் வந்தது. பென் டிரைவ் பாடியது. நானும் எழுந்து வரிசையில் நின்றேன், இடப்பக்கமா வலப்பக்கமா என்று தடுமாறி, முன்னால் நின்ற அம்மாவின் முந்தானையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எனக்கு முன்னால் பத்துப் பேர் இருக்கும்போது பாட்டு டக்கென்று நின்றது. பின்னால் இன்னும் நூறு பேர்.

உபதேசியார் சொன்னது சரி. கல்தரையில் வெறுங்கால்கள் தேய்கிற சத்தம், ஒரு இருமல், ஒரு பிள்ளையின் சிணுங்கல், ஒவ்வொருவரும் ஆமென் சொல்வது தனித்தனியாக. முப்பத்திரண்டு வருடத்தில் இந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு, சீக்கிரம் முடிந்தால் தேவலை என்பது மாதிரி நகர்ந்தார்கள். ஃபாதர் காதிலும் இதெல்லாம் விழுந்துகொண்டுதான் இருக்கும். ஆறு வாரமாக.

என் முறை வந்தது. அப்பத்தை உயர்த்திப் பிடித்தார்.

"கிறிஸ்துவின் திருவுடல்," என்றார். பிறகு அதே குரலில், அதே மூச்சில், கொஞ்சம் தணித்து: "மாடம் தெறந்துதான் இருக்குது மதாம்."

இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. வேறு பதில் சொல்லக் கோயிலில் இடமில்லை.

"ஆமென்," என்றேன்.

அப்பம் நாக்கில் கரைவதற்குள் இருபத்திரண்டு படி ஏறினேன். கைப்பிடி ஆடியது, மூட்டு கத்தியது. ஸ்டூல் மேல் பெட்டி இல்லை. யாரோ இறக்கித் தரையில் வைத்திருந்தார்கள். குட்டைக் காலுக்கு அடியில் என் அட்டை அப்படியே இருந்தது. ஆர்கனைப் போட்டேன். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துச் சாய்த்து வைத்தேன், கம்பி முறுக்க நேரமில்லை.

எந்தப் பாட்டு என்று யோசிக்கவே இல்லை. பெல்மூரின் எட்டு பார். கீழே கால்கள் வேகத்தைக் குறைத்தன. கைத்தடிக்காரர்கள் வந்தார்கள், பிள்ளை தூக்கியவர்கள் வந்தார்கள். ஐந்தாவது சுற்றில் வரிசை முடிந்தது. ஃபாதர் பாத்திரத்தைக் கழுவினார். துடைத்தார். மூடினார். நாற்காலிக்குப் போனார். நான் கடைசி பாரை நெருங்கிக் கையைத் தளர்த்தினேன்.

அவர் உட்காரவில்லை.

நாற்காலிக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு, மாடத்தைப் பார்த்து நின்றார். வெளியே அடுத்த பூசைக்காரர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். உபதேசியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பீடத்துக்கும் கதவுக்கும் நடந்தார். ஃபாதர் நின்றுகொண்டே இருந்தார்.

நான் மறுபடி முதல் பாருக்குத் திரும்பினேன்.